எந்த நம்பருக்கு வந்த கால்? ஆபீஸ் போன் பெட்டியைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. முன் மேஜையில் மணி அடிக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் போனை எடுத்து "வணக்கம்ங்க" என்கிறாள். அதோடு நிறுத்திக்கொள்கிறாள், கம்பெனி பெயரைச் சொல்வதில்லை. ஏன் அம்மணி என்று கேட்டேன். "எந்தக் கம்பெனின்னு சொல்றதுங்கண்ணா? நிட்டிங், டையிங், எக்ஸ்போர்ட் மூணும் இங்கதான் வருது. நான் ஒண்ணச் சொல்லி அவங்க இன்னொண்ணுக்குக் கூப்பிட்டிருந்தா, ராங் நம்பர்னு வெச்சுடறாங்க" என்றாள்.

அவள் போன் திரையில் கூப்பிடுகிறவரின் நம்பர் பளிச்சென்று தெரிந்துகொண்டுதான் இருந்தது. அதனால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் எந்த நம்பரை அழுத்திக் கூப்பிட்டார் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

கொங்குப் பக்கம் இது ரொம்பச் சாதாரணம். ஒரே குடும்பம், ஒரே கூரை, மூன்று ஜிஎஸ்டி எண். கோவையில் பம்பு செட் கம்பெனியும் அதன் பவுண்டரியும் ஒரே கேட்டுக்குள் இருக்கும். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஆபீஸும் உதிரிபாகக் கடையும் ஒரே மேஜையில் ஓடும். ஆபீஸுக்கு வரும் கால்களைப் பிரித்து மேஜை மேஜையாக அனுப்பும் ஈபிஏபிஎக்ஸ் பெட்டிகளைப் பொருத்தியும் பழுது பார்த்தும் 18 வருஷம் ஓட்டியிருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கும், "போன் சமாச்சாரத்தையும் நீங்களே பாத்துக்குங்க" என்று தலையில் கட்டப்பட்ட ஆபீஸ் நிர்வாகிகளுக்கும் இதை எழுதுகிறேன்.

ஒரு காலோடு வரும் இரண்டு நம்பர்

அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே வளவில் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரம்பரை, அதாவது உறவுக்காரர் ஒருவர் வந்து வாசலில் நிற்கிறார். அவர் யார் என்பது ஒரு கேள்வி. யார் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்பது இன்னொரு கேள்வி. போனிலும் இதே கதைதான். கூப்பிடுகிறவரின் நம்பருக்குக் காலர் ஐடி அல்லது சிஎல்ஐ என்று பெயர். அவர் அழுத்திய நம்பரை, அதாவது உங்களுடைய நம்பர்களில் எது என்பதை, டிஎன்ஐஎஸ் என்பார்கள். பெட்டியோடு வரும் கையேட்டில் கால்டு நம்பர், டிஐடி நேம் என்றெல்லாமும் போட்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: சில கையேடுகளில் "டயல்டு நம்பர் டிஸ்ப்ளே" என்பது நீங்கள் வெளியே கூப்பிடும்போது அழுத்தும் எண்கள் திரையில் ஓடுவதைக் குறிக்கும். அது வேறு சமாச்சாரம். பெயரைப் பார்த்து ஏமாறாமல் விளக்கத்தையும் படியுங்கள்.

இந்த இரண்டாவது நம்பர் உங்கள் பெட்டிவரை வந்து சேருமா என்பது லைனைப் பொறுத்தது. இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சாதாரணச் செப்புக் கம்பி லைனில் எக்ஸ்சேஞ்ச் அனுப்புவது கூப்பிடுகிறவரின் நம்பரை மட்டும்தான். அழுத்திய நம்பரை அது அனுப்புவதே இல்லை. அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அந்த ஜோடிக் கம்பிதான் அந்த நம்பர். ஆகவே கம்பி பெட்டியில் எந்த போர்ட்டில் ஏறுகிறது என்பதை வைத்துத்தான் எந்த நம்பருக்கு வந்த கால் என்று பெட்டிக்குச் சொல்லித்தர வேண்டும். கூப்பிடுகிறவரின் நம்பர் வருவதிலும் இரண்டு முறை உண்டு. எஃப்எஸ்கே என்ற முறையில் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவே வரும். டிடிஎம்எஃப் என்ற முறையில் மணி அடிப்பதற்கு முன்பே பொத்தான் ஓசைகளாக வந்துவிடும். பெட்டியின் அமைப்பில் எது என்று சொல்லும் இடம் ஒன்று இருக்கும். அது மாறிக்கிடந்தால் திரை காலியாகவே இருக்கும். செப்பிலிருந்து ஃபைபருக்கு மாறிய ஆபீஸ்களில் இதை நிறையப் பார்க்கிறேன். நம்பர் பழையதுதான், ஆனால் இப்போது மணியடிப்பது ஃபைபர் மோடத்தின் போன் போர்ட். அது தன் பாணியில் நம்பரை அனுப்பும். "ஃபைபர் போட்டதிலிருந்து நம்பரே வரலீங்க" என்று யாராவது சொன்னால், வயரைக் கழற்றும் முன் இந்த ஒரு அமைப்பை மாற்றிப் பாருங்கள். எஃப்எஸ்கே முறை என்றால் முதல் மணியிலேயே போனைப் பிடுங்கி எடுக்கும் சுறுசுறுப்புக்காரர்களுக்கு நம்பர் தெரியாது. மணி இரண்டு தடவை அடிக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

பிஆர்ஐ என்ற டிஜிட்டல் லைனில் ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். பேச்சுக்கான 30 தடங்களைத் தவிர, சமிக்ஞைக்கென்று தனித் தடம் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு நம்பர்களும் சுத்தமாக வந்துவிடும். பேசும் தடம் 30தான் என்றாலும் நம்பர்களை 100 என்கிற மாதிரி மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு மேஜைக்கும் தனி நம்பர் கொடுப்பது இப்படித்தான். இதைத்தான் டிஐடி என்கிறோம்.

சிப் டிரங்க், அதாவது இன்டர்நெட் வழியில் வரும் லைனிலும் இரண்டும் வரும், எழுத்து வடிவில் வரும். ஒரு சின்னச் சிக்கல்: வரும் செய்தியின் முதல் வரியில் ஒரு நம்பர் இருக்கும், "டு" என்ற வரியில் ஒரு நம்பர் இருக்கும். சில சேவைகளில் முதல் வரியில் எப்போதும் கணக்கின் தலைமை நம்பரே நிற்கும், உண்மையில் அழுத்திய நம்பர் "டு" வரியில் இருக்கும். நீங்கள் 10 நம்பர் வாங்கியிருந்தும் எல்லாக் காலும் ஒரே நம்பருக்கு வருவது போலத் தெரிந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிம் கார்டு போடும் கேட்வே செப்புக் கம்பி மாதிரியேதான். எந்தத் துளையில் எந்த சிம் என்று குறித்துக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு தாள்

பெட்டியைத் திறக்காதீர்கள். பாஸ்வேர்டு கேட்காதீர்கள். ஒரு முழுத்தாளை எடுத்து, இந்த ஆபீஸுக்கு எத்தனை நம்பர் என்று எழுதுங்கள். முதலாளி ஒரு கணக்குச் சொல்வார், அக்கவுன்டன்ட் கட்டும் பில்லில் ஒரு கணக்கு இருக்கும், விசிட்டிங் கார்டில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். மூன்றும் ஒத்துப்போன ஆபீஸை நான் இதுவரை பார்த்ததில்லை.

சுவரில் குரோன் பாக்ஸ், அதாவது கம்பி ஜோடிகளெல்லாம் வந்து சேரும் இணைப்புப் பெட்டி இருக்கும். அதில் எந்த ஜோடி எந்த நம்பர் என்று யாருக்கும் தெரியாது. முன்பு எழுதி ஒட்டிய தாளைக் கரப்பான் தின்றிருக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சாதாரண போனைச் சொருகுங்கள். டயல் டோன் வந்தால் உங்கள் செல்போனுக்கு ஒரு கால் போடுங்கள். செல் திரையில் தெரிவதுதான் அந்தக் கம்பியின் நம்பர். எழுதி ஒட்டுங்கள், அடுத்த ஜோடிக்குப் போங்கள். அரை மணி நேர வேலைதான். பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் இப்படிப் பார்த்துக்கொண்டு வந்தபோது, மூடி வைத்த பழைய ஃபேக்ஸ் மெஷினுக்குப் பின்னால் உயிரோடு ஒரு லைன் கிடைத்தது. மாதாமாதம் வாடகை போய்க்கொண்டிருந்தது. அதைவிட, அந்த நம்பர்தான் அவர்கள் டெலிவரி சலானில் இன்னமும் அச்சாகிக்கொண்டிருந்தது. அந்த நம்பருக்குக் கூப்பிட்டவர்களெல்லாம் மணியடித்து மணியடித்து ஓய்ந்திருக்கிறார்கள்.

தாளில் ஒவ்வொரு நம்பருக்கும் நேராக நான்கு விஷயம் எழுத வேண்டும். இது எந்தக் கம்பெனிக்கு அல்லது எந்த வேலைக்கு? பகலில் யார் எடுக்க வேண்டும்? அவர் எடுக்காவிட்டால் யார்? ஆபீஸ் மூடிய பிறகு யார்? மூன்றாவதற்கும் நான்காவதற்கும் பதில் வாங்குவதற்குள் உங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "அதெல்லாம் யாராவது எடுப்பாங்க" என்பார்கள். விடாதீர்கள், பெயரோடு எழுதி வாங்குங்கள். பெட்டிக்கு "யாராவது" என்று ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது மேஜைக்கான உள் நம்பர், கிடையாது.

இலக்கக் கணக்கு

பிஆர்ஐயோ சிப்போ என்றால், எக்ஸ்சேஞ்ச் எத்தனை இலக்கம் அனுப்புகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் முன்னால் போடும் பூஜ்யத்தைக் கழித்துவிட்டால் எஸ்டிடி கோடும் நம்பரும் சேர்ந்து 10 இலக்கம். திருப்பூர் 0421, ஆகவே உள்ளூர் நம்பர் 7 இலக்கம். கோவை 0422, ஈரோடு 0424 இரண்டுக்கும் அப்படியே. காங்கேயம் 04257, பொள்ளாச்சி 04259, கரூர் 04324 போன்ற ஊர்களில் கோடு நீளம், நம்பர் 6 இலக்கம்.

இப்போது திருப்பூர் நம்பர் ஒன்று உங்கள் பெட்டிக்கு எப்படி வரலாம்? கடைசி 2, 3 அல்லது 4 இலக்கமாக மட்டும் வரலாம். 7 இலக்கமாக வரலாம். 421 சேர்ந்து 10 ஆக, 0421 சேர்ந்து 11 ஆக, 91 சேர்ந்து 12 ஆகவும் வரலாம். நீங்கள் 4 இலக்கம் என்று எழுதி வைத்து, வருவது 7 இலக்கம் என்றால் பொருந்தாது. பொருந்தாத கால் எல்லாம் பெட்டியில் "மற்றவை" என்று வைத்திருக்கும் இடத்துக்கு, பெரும்பாலும் முன் மேஜைக்கு, போய் விழும். "டிஐடி வேலை செய்யல" என்று வரும் புகார்களில் முக்கால்வாசி இதுதான். வரும் கால்களின் விவரத்தைக் காட்டும் பெட்டியின் டிரேஸ் அல்லது லாக் பக்கத்தைத் திறந்துவைத்து, செல்லிலிருந்து ஒரு கால் போட்டு, என்ன வருகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பிறகு கடைசி இத்தனை இலக்கத்தை மட்டும் பார் என்று அமைத்துவிட்டால் பின்னாளில் எக்ஸ்சேஞ்ச் பக்கம் எதையாவது மாற்றினாலும் தாங்கும்.

திரையில் என்ன பெயர்

இது சின்ன வேலை, ஆனால் முன் மேஜைப் பெண்ணுக்கு இதுதான் எல்லாம். ஒவ்வொரு நம்பருக்கும், அல்லது ஒவ்வொரு செப்பு லைனுக்கும், ஒரு பெயர் கொடுக்கும் வசதி பெட்டியில் இருக்கும். மணி அடிக்கும்போது அந்தப் பெயர் திரையில் வரும்.

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் சொன்ன கம்பெனி மாதிரியே ஒரு இடம். மூன்று கம்பெனிக்கும் குலதெய்வத்தின் பெயர்தான். முதலில் ஸ்ரீ, அப்புறம் சாமி பெயர், கடைசியில் நிட்டிங், டையிங், எக்ஸ்போர்ட்ஸ். பில்லில் இருந்தபடியே மூன்றையும் முழுசாக அடித்துவிட்டு வந்தேன். திரையின் அகலம் 16 எழுத்து. சாமி பெயர் முடிவதற்குள் திரை முடிந்துவிட்டது. எந்தக் காலுக்கும் ஒரே சாமி வந்து நின்றார். இரண்டாம் நாள் போய் மாற்றினேன். வித்தியாசப்படும் சொல் முதலில் வர வேண்டும். டையிங் என்று தொடங்கினால் போதும், சாமி பின்னால் வரட்டும், கோபித்துக்கொள்ள மாட்டார். பழைய போன்களின் திரையில் தமிழ் எழுத்து வராது, ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டியிருக்கும். முதல் எழுத்தே மூன்றுக்கும் வேறு வேறாக இருந்தால் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. இந்தப் பெயர் அந்தப் பெட்டிக்கென்றே வரும் டிஜிட்டல் போனிலோ ஐபி போனிலோதான் ஒழுங்காகத் தெரியும். கடையில் வாங்கிய சாதாரணக் காலர் ஐடி போனில் ஒரு நம்பருக்குத்தான் இடம், அதில் கூப்பிடுகிறவர் நம்பர் உட்கார்ந்துவிடும். மேஜைக்கு ஒரு டிஜிட்டல் போன் வாங்கச் சொல்லுங்கள். முதலாளி முகம் சுளித்தால், லைனுக்கு லைன் மணி ஓசையை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நிட்டிங்குக்கு ஒரு மாதிரி, டையிங்குக்கு ஒரு மாதிரி. ஒரு வாரத்தில் காது பழகிவிடும். கம்ப்யூட்டரில் ஓடும் பெட்டிகளில் இன்னும் சுலபம். 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுதிய ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளும் அதன்மேல் ஏறும் ஃப்ரீபிபிஎக்ஸும் கோவையில் பல சின்ன ஆபீஸ்களில் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் உள்வரும் வழி ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு கொடுக்கலாம். கூப்பிடுகிறவரின் பெயருக்கு முன்னால் "டையிங்" என்று ஒட்டிக்கொண்டு வரும், எந்த ஐபி போனிலும் தெரியும்.

வழி போடுவது

ஆள் ஆளுக்கு இப்போது "தமிழுக்கு 1, ஆங்கிலத்துக்கு 2, விற்பனைக்கு 3" என்று பேசும் குரலைக் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், 50 பேருக்குக் குறைவான ஆபீஸுக்கு அது வேண்டாம். நூல் ஏஜென்ட் 30 வருஷமாக அதே நம்பரில் கூப்பிடுகிறார். அந்த நம்பரை அழுத்தியபோதே தனக்கு யார் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அவரை மறுபடி பொத்தான் அமுக்கச் சொல்வது, வீட்டுக்குள் வந்தவரைத் திரும்ப வாசலுக்கு அனுப்பி மணியடிக்கச் சொல்வது போல. அழுத்திய நம்பரைக் கொண்டு வழி போடுங்கள். தனித்தனி நம்பர் இல்லாமல் ஒரே நம்பரில் எல்லாம் வரும் இடத்தில் மட்டும் குரல் மெனு வைத்துக்கொள்ளலாம்.

அழைப்பு தப்பான ஆளிடம் போகிற தொல்லை டெலிபோன் அளவுக்கே பழசு. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர், இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில்காரர். தனக்கு வரவேண்டிய வாடிக்கையாளரை எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்ற கோபத்தில்தான் ஆளில்லாமல் ஓடும் எக்ஸ்சேஞ்சை யோசித்தார் என்பார்கள். 1891இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உங்கள் மேஜையில் இருக்கும் பெட்டிக்கு அவர் கொள்ளுத் தாத்தா.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு நம்பருக்குப் பல பேர் எடுக்கலாம் என்றால் மூன்று விதமாக அமைக்கலாம். எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அடிப்பது ஒன்று. ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பது இன்னொன்று. எல்லாரும் பேசிக்கொண்டிருந்தால் வரிசையில் காக்கவைப்பது மூன்றாவது. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் சின்ன அறையில் ஒரே நேரத்தில் அடிக்கவிட்டால் சந்தைக்கடைதான். அதுவும் "அவர் எடுப்பார்" என்று ஆளாளுக்கு விட்டுவிடுவார்கள். ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பதே அங்கே நல்லது. மெர்சண்டைசர்கள் மாதிரி தளம் முழுக்க நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் அடிப்பது சரி.

எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும்? நம் ஊர் மணி இரட்டையாக அடித்து ஓயும், ஒரு சுற்றுக்கு 3 விநாடி. 15 விநாடி என்று வைத்தால் 5 சுற்று. முதல் ஆளுக்கு 15, அடுத்தவருக்கு 15, அதற்கும் மேல் முன் மேஜை. மூன்று இடத்துக்கு மேல் சுற்றவிடாதீர்கள், கூப்பிடுகிறவர் அதற்குள் வைத்துவிடுவார். முக்கியமாக, வழி எங்கேயும் வட்டமாகச் சுற்றக் கூடாது. அ எடுக்காவிட்டால் ஆ, ஆ எடுக்காவிட்டால் அ என்று இரண்டு பேர் தனித்தனியே தங்கள் போனில் ஃபார்வர்டு போட்டு வைத்திருப்பார்கள். கால் இருவருக்கும் நடுவே பந்தாடப்படும். தாளில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு அம்பும் ஒரு ஆளிடமோ ஒரு வாய்ஸ் மெயிலிலோ போய் முடிய வேண்டும்.

செப்பு லைனில் ஹன்டிங் வாங்கியிருந்தால் ஒரு குழப்பம் வரும். முதல் நம்பர் பேச்சில் இருந்தால் எக்ஸ்சேஞ்சே அடுத்த கம்பிக்குக் காலைத் தள்ளிவிடும் வசதி அது. நிட்டிங் நம்பருக்கு வந்தவர் டையிங் கம்பியில் வந்து இறங்குவார், திரையில் டையிங் என்று காட்டும். பெட்டியின் தப்பில்லை. ஹன்டிங்கில் இருக்கும் கம்பிகள் அத்தனையும் ஒரே கம்பெனிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பிஆர்ஐக்கோ சிப்புக்கோ மாறிவிடுங்கள்.

கடிகாரம்

பகலுக்கு ஒரு வழி, ராத்திரிக்கு ஒரு வழி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வழி என்று வைக்கலாம். தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகும் நாட்களுக்கென்று விடுமுறைப் பட்டியலும் வைக்கலாம். எல்லாமே பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தை நம்பித்தான். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

ஒரு கம்பெனியில் புகார். காலையில் கால் எல்லாம் சரியாக வருகிறது, 11 மணிக்கு மேல் வாட்ச்மேன் அறைக்குப் போய்விடுகிறது. வாட்ச்மேன் தாத்தாவும் தன்னால் முடிந்த மட்டும் "எல்லாரும் உள்ளதான் இருக்கறாங்க சாமி, அப்பறமாப் பேசுங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் லைனைப் பார்த்தேன், குரோன் பாக்ஸைக் கழற்றினேன், ஃபார்வர்டு எல்லாவற்றையும் ரத்து செய்தேன். இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் தண்ணீர் குடிக்கும்போதுதான் முன் மேஜை போன் திரையைக் கவனித்தேன். மத்தியானம் 1 மணிக்கு அது ராத்திரி 9 மணி காட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். முந்தின நாள் மாதாந்திரப் பராமரிப்புக்கு ஷட்டவுன். யூபிஎஸ் பாதியில் கையை விரித்துவிட்டது. பெட்டிக்குள் கடிகாரத்தைத் தாங்கும் காயின் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. சாயங்காலம் 4 மணிக்குக் கரண்ட் வந்தபோது பெட்டி அதை நள்ளிரவு 12 என்று நினைத்து எழுந்தது. அன்றிலிருந்து 16 மணி நேரம் பின்தங்கியே ஓடியது. பகல் நேரம் என்று நான் வைத்திருந்தது 9 மணி முதல் 7 மணி வரை. பெட்டியின் ராத்திரி 7 மணி, நம் காலை 11 மணியில் வந்தது. அவ்வளவுதான். பேட்டரி விலை ஒரு டீ, வடைக் காசு. இன்டர்நெட் இருக்கும் பெட்டியென்றால் நேரத்தை அங்கிருந்தே வாங்கிக்கொள்ளும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

வெளியே போகும் கால்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். நம் ஆபீஸ்களில் வெளி லைன் எடுக்க 0, ஆபரேட்டருக்கு 9 என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குக் கூப்பிட முன்னால் 0 சேர்க்க வேண்டும். ஆக லைனுக்கு ஒரு பூஜ்யம், செல்போனுக்கு ஒரு பூஜ்யம், இரண்டு போட வேண்டும். புதிதாகச் சேருபவர்கள் ஒன்றோடு நிறுத்திவிட்டு "போகலீங்க" என்பார்கள். தவறிய காலைப் பட்டியலிலிருந்து திரும்பக் கூப்பிடும்போதும் இதே வம்பு. வந்த நம்பர் 10 இலக்கமாகத்தான் பதிவாகியிருக்கும், அப்படியே அமுக்கினால் போகாது. வரும் நம்பருக்கு முன்னால் பெட்டியே பூஜ்யங்களைச் சேர்த்து வைக்கும் அமைப்பு இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷனுக்கு எக்ஸ்டென்ஷன் உள்ளூர், எஸ்டிடி, ஐஎஸ்டி என்று அனுமதி பிரியுங்கள். பையரோடு பேசும் ஒன்றிரண்டு மேஜை தவிர ஐஎஸ்டி எங்கும் வேண்டாம். 112, 108 இரண்டும் எந்தப் போனிலிருந்தும், லைன் பூஜ்யம் போட்டாலும் போடாவிட்டாலும் போகும்படி வையுங்கள். வெளியிலிருந்து கூப்பிட்டு உள்ளே நுழைந்து மறுபடி வெளியே கூப்பிடும் டிசா வசதி தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு மாற்றாமல் அதைத் திறந்து வைத்தால், ராத்திரியோடு ராத்திரியாக யாரோ உங்கள் செலவில் வெளிநாடு பேசிவிடுவார்கள். மறுமுனையில் உங்கள் நம்பர்களில் எது தெரிய வேண்டும் என்று பிஆர்ஐயிலும் சிப்பிலும் தேர்ந்தெடுக்கலாம். டையிங் மேஜையிலிருந்து போனால் டையிங் நம்பர் தெரியட்டும், திரும்பக் கூப்பிடுபவர் சரியான இடத்துக்கு வருவார். உங்களுடையது அல்லாத நம்பரைக் காட்ட நினைக்காதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அது குற்றம்.

முதலாளி செல்லுக்குத் திருப்புவது

எல்லா முதலாளிகளும் கேட்பார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய இரண்டு சங்கதி. வெளியிலிருந்து வந்த காலைப் பெட்டி மறுபடி வெளியே செல்லுக்குத் திருப்பினால் இரண்டு லைன் பிடிக்கும். நாலு லைன் இருக்கும் ஆபீஸில் இரண்டு பேர் இப்படிப் பேசினால் மற்றவர்களுக்கு எங்கேஜ் டோன்தான். அதோடு, பெரும்பாலும் அவர் செல்லில் தெரிவது ஆபீஸ் நம்பர், வாடிக்கையாளர் நம்பர் அல்ல. செப்பு லைனில் மூன்றாவதாக ஒன்றும் சேரும்: இரண்டு பக்கமும் பேசி வைத்த பிறகும் வைத்துவிட்டார்கள் என்று பெட்டிக்குத் தெரியாமல் லைன் பிடித்தபடியே கிடக்கும். எங்கேஜ் டோனை வைத்துக் கண்டுபிடிக்கும் அமைப்பையோ, பேச்சு முடிந்ததும் எக்ஸ்சேஞ்ச் லைனின் துருவத்தை, அதாவது பிளஸ் மைனஸை, மாற்றிக் காட்டும் வசதியையோ போட்டால்தான் விடும். எதற்கும் இத்தனை நிமிஷத்துக்கு மேல் என்றால் அறுத்துவிடு என்று ஒரு வரம்பும் வையுங்கள்.

சோதனை

எல்லாம் முடிந்ததும் தாளைக் கையில் எடுங்கள். உங்கள் செல்லிலிருந்து ஒவ்வொரு நம்பருக்கும் கூப்பிடுங்கள். திரையில் சரியான பெயர் வருகிறதா என்று மேஜையில் இருப்பவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குப் போகிறதா, அதற்கும் அடுத்து எங்கே போகிறது என்று எண்ணிப் பாருங்கள். வேறு கம்பெனி சிம்மிலிருந்து ஒருமுறை, ஒரு லேண்ட்லைனிலிருந்து ஒருமுறை கூப்பிடுங்கள், நம்பர் வரும் விதம் மாறலாம். பெட்டியின் அமைப்பை ஒரு பென்டிரைவில் எடுத்து அக்கவுன்டன்ட்டிடம் கொடுங்கள், அவர்தான் எதையும் தொலைக்காத ஆள். தாளில் தேதி போட்டுப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

அன்று ராத்திரி 8 மணிக்கு மேல் வீட்டிலிருந்து எல்லா நம்பருக்கும் இன்னொரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். வாட்ச்மேன் எடுத்தால் யார், எதற்கு என்று சொல்லிவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் முதலாளி மேஜையில் ஒரு நோட்டு விரிந்து கிடக்கும்: "ராத்திரி ஒருத்தர் மூணு தடவை கூப்பிட்டு ஒண்ணும் பேசாம வெச்சுட்டாருங்க."